"கேஸ் போயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்...



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நானும் எல்லோரையும் போல ஒரு கவிதைதான் எழுதினேன். நிலா, நீ, நான் என்று பன்னிரண்டு வரிகள். படித்துப் பார்த்தவர், "தம்பி, இந்த நிலாவை ஏற்கெனவே பதினாறு பேர் கொடுத்துட்டாங்க. நீ படிக்கிற படிப்புலேர்ந்து ஏதாவது எழுதேன்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. போன மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு வீட்டு ஏ.சி. எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. நம் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் இருக்கும். மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாளைக்கு உதவும்.

அம்மா கொடுத்த வாக்கு

என் அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறார். அம்மா மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது.

அம்மா வேலை பார்க்கும் வீடுகளில் ஒன்று, ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவுடையது. அவருடைய கணவர் பக்கவாதம் வந்து இரண்டு வருடங்களாகப் படுக்கையில் இருக்கிறார். வியர்த்தால் முதுகில் புண் வந்துவிடுகிறது என்பதால் அவர் அறைக்கு மட்டும் ஒரு பழைய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. உண்டு. அந்த ஏ.சி. சூடான காற்றை ஊத ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து, "கேஸ் போயிடுச்சு" என்று 2,500 ரூபாய்க்குக் கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். இருபது நாளில் மறுபடி அதே கதை. மறுபடி கேஸ், மறுபடி 2,500 ரூபாய். மூன்றாவது தடவையும் சூடு வந்தபோது டீச்சரம்மா உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா சும்மா இருக்கவில்லை. "எம்மவன் ஏ.சி.க்குத்தான் படிக்கிறான். நாளைக்கு அவனக் கூட்டிட்டு வாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா விஷயத்தைச் சொன்னார். நான் சோற்றிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "கேஸ் லீக்கா இருக்கும்மா. கேஸ் போடச் சொல்லு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "அதத்தான்டா அந்த மெக்கானிக்கும் ரெண்டு தடவ சொன்னாரு. அதச் சொல்றதுக்கா உன்னைய மூணு வருசம் படிக்க வச்சோம்?"

நண்பர்களே, நம் சார்கள் வைவாவில் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று இரவு லேப் ரெக்கார்டு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

ஏ.சி. ஒரு சுமை தூக்கும் தொழிலாளி

ஏ.சி. குளிர்ச்சியைத் தயாரிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அறைக்குள் இருக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான். என் அப்பா லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக் கடையில் சேர்ப்பது போலத்தான் இதுவும்.

அப்பாவுக்கு வேலை ஓட மூன்று விஷயங்கள் வேண்டும். சுமையை வைக்க ஒரு கூடை, தூக்க உடம்பில் தெம்பு, போக வர வழி. ஏ.சி.க்கும் இதே மூன்றுதான்.

கூடை என்பது குழாய்க்குள் ஓடும் கேஸ். உள் யூனிட்டில் இருக்கும் காயிலில் அது ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காற்று குளிர்கிறது. தெம்பு என்பது கம்ப்ரஸர். ஆவியான கேஸை இழுத்து, அழுத்தி, சூடாக்கி வெளி யூனிட்டின் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே கேஸ் வெளிக்காற்றை விடச் சூடாக இருக்கும். வெளியில் 40 டிகிரி என்றால் காயிலில் 50க்கு மேல். எனவே வெப்பம் வெளிக்காற்றுக்கு இறங்கி, கேஸ் மறுபடி திரவமாகிறது. பிறகு கேப்பிலரி என்னும் மெல்லிய குழாய் வழியாக அழுத்தம் குறைந்து மறுபடி உள்ளே போகிறது. காலிக் கூடை திரும்பிவிட்டது!

வழி என்பது காற்று. உள்ளே ஃபில்டர், காயில், புளோயர். வெளியே காயில், ஃபேன். இவற்றில் எது அடைத்தாலும், தெம்பும் கூடையும் இருந்தும் சுமை நகராது.

ஒன்றரை டன் என்கிறோமே, அது ஏ.சி.யின் எடை அல்ல. ஒரு டன் என்றால், 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றுவது. கணக்குப் போட்டால் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்றால் சுமார் 5.3 கிலோவாட். கம்ப்ரஸர் எடுக்கும் சுமார் 1.6 கிலோவாட் கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆக, வெளி யூனிட் கொட்ட வேண்டிய வெப்பம் 6.9 கிலோவாட்டுக்குப் பக்கம். வெளி யூனிட்டின் முதுகில் துணியைக் காயப்போடும் வீட்டுக்காரர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். கேஸ் என்பது கூடை. கூடை தேய்ந்து தீர்ந்துபோகுமா? பெட்ரோல் மாதிரி எரிந்துபோகும் பொருள் அல்ல அது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருடமானாலும் அதே அளவுதான் இருக்கும். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்று சொல்வது தவறு. கேஸ் குறைந்திருந்தால் லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்க்ரூடிரைவர்

டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன் "எப்போதிலிருந்து காய்ச்சல்? சாயங்காலம் ஏறுகிறதா?" என்று கேட்பார் அல்லவா? நாமும் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் சூடு வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

1. போட்டதிலிருந்தே குளிரவில்லை என்றால்: ரிமோட் ஃபேன் மோடில் இருக்கலாம், கம்ப்ரஸர் ஓடாமலே இருக்கலாம், அல்லது கேஸ் முழுவதும் போயிருக்கலாம்.

2. பத்து நிமிடம் சில்லென்று வந்து பிறகு சூடானால்: வெளி ஃபேன் ஓடவில்லை அல்லது வெளி காயில் அடைத்திருக்கிறது. அழுத்தமும் சூடும் ஏறி, ஓவர்லோடு கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. ஆறியதும் மறுபடி ஓடும்.

3. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் காற்றே குறைந்தால்: உள் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது.

4. மத்தியானம் மட்டும் போதவில்லை என்றால்: வெளி யூனிட்டில் தூசி, அல்லது மொட்டை மாடி வெயிலுக்கு ஏ.சி.யின் அளவு போதவில்லை.

5. சாயங்காலமும் ராத்திரியும் மட்டும் தகராறு என்றால்: முதலில் வோல்டேஜைப் பாருங்கள்.

இந்த ஐந்தாவதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையே!

செலவில்லாத சோதனைகள்

எப்போதும் காசு ஆகாத சோதனையிலிருந்து தொடங்கி, காசு ஆகும் சோதனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் ரிமோட். கூல் மோடில் இருக்கிறதா, செட் செய்த டிகிரி அறையை விடக் குறைவாக இருக்கிறதா? 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் ஸ்டார் லேபிளுடன் வரும் அறை ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அறை 24க்கு வந்ததும் சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரஸர் நின்று வெறும் காற்று வரும். அது பழுதல்ல.

அடுத்து தெர்மாமீட்டர். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உள் யூனிட் மேலே இழுக்கும் காற்றையும், கீழே விடும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏ.சி. தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அறை குளிரவில்லை என்றால் ஜன்னல், கதவு, வெயில் படும் கூரை இவற்றைப் பாருங்கள். "கையை வச்சுப் பார்த்தேன், சில்லுனு இல்லை" என்பது அளவு ஆகாது. நம் கை வெயிலில் நடந்து வந்த கை.

மூன்றாவது ஃபில்டர். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது நல்லது.

நான்காவது வெளி யூனிட். ஃபேன் ஓடுகிறதா, காயில் தூசியால் மூடியிருக்கிறதா, பின்னால் சுவருக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறதா? கழுவுவதற்கு முன் மெயினை நிறுத்துங்கள். தண்ணீரை மெதுவாக விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அலுமினிய இதழ்கள் மடிந்து, இருந்த வழியும் அடைத்துவிடும்.

கரண்ட் பக்கம்

இதுவரை சொன்னதை யாரும் செய்யலாம். இனிமேல் சொல்வது நம்மைப் போன்று லேபில் பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், கை வைக்க வேண்டாம்.

உள்ளே புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்; வெளியே கம்ப்ரஸர் ஓடாது. அப்போது ஏ.சி. வெறும் விலை உயர்ந்த ஃபேன்தான். அறையில் இருக்கும் சூட்டையே திருப்பி ஊதும். வீட்டுக்காரருக்கு "சூடான காற்று வருது" என்று தோன்றும். மெக்கானிக் வாயில் "கேஸ்" என்று வரும்.

பழைய மாடல் ஏ.சி.க்களின் சிங்கிள் பேஸ் கம்ப்ரஸர் ஓட ஒரு கெபாசிட்டர் வேண்டும். ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் 50 மைக்ரோ ஃபாரட் பக்கம் இருக்கும். அதன் மேல் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது 47.5க்குக் கீழே போனால் அது வயதாகிவிட்டது. வீங்கியிருந்தால் பார்த்ததுமே தெரியும். ஆனால் வீங்காமலே பலவீனமாவதும் உண்டு. கண்ணை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

மெயினை ஆஃப் செய்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடவே கூடாது.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று தியரியில் படித்தோம். 230 வோல்ட் 190 ஆனால், 190ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் போடுங்கள். சுமார் 0.68 வரும். ஆறு பேர் தூக்கும் மூட்டைக்கு நான்கு பேர் வந்த மாதிரி!

இன்னொன்று. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸர் முனகும். கேப்பிலரி உள்ள ஏ.சி.யில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது ஆக வேண்டும். அதற்குள் கிளப்பினால் கிளம்பாது. அதுவும் பழுதல்ல.

இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கதை வேறு. கம்ப்ரஸருக்கு இந்தக் கெபாசிட்டர் கிடையாது. போர்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் தப்பான டிகிரியைச் சொன்னாலும், அறை குளிர்ந்துவிட்டது என்று நம்பிக் கம்ப்ரஸரைக் குறைத்துவிடும். டிஸ்பிளேயில் எரர் கோடு வந்தால் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும், ஊகம் கூடாது.

கேஸ் கடைசியில்

இத்தனையும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். கேஸ் குறைந்ததற்கு அடையாளங்கள் உண்டு. உள் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் வெண்மையாக ஐஸ் படிந்து, மீதி வறண்டு கிடக்கும். (ஃபில்டர் அடைப்பால் வரும் ஐஸ் காயில் முழுவதும் பரவும்.) கம்ப்ரஸர் இழுக்கும் ஆம்பியர், பிளேட்டில் போட்டிருப்பதை விட நன்றாகக் குறையும். ஃபிளேர் நட் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஏனென்றால் கேஸோடு ஆயிலும் கசியும். சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும்.

நான் குழம்பிய ஒரு இடத்தையும் சொல்கிறேன். கண்டன்ஸரிலிருந்து வரும் மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வீட்டு ஸ்பிளிட்டில் தொட்டால் அது குளிர்ந்திருந்தது! காரணம், பெரும்பாலான வீட்டு ஸ்பிளிட்டில் கேப்பிலரி வெளி யூனிட்டிலேயே இருக்கிறது. அழுத்தம் அங்கேயே குறைந்துவிடுவதால் இரண்டு குழாயும் குளிராகத்தான் இருக்கும். கேஸ் குறைந்தால் மெல்லிய குழாயின் வால்வில் ஐஸ் கட்டும். தடித்த குழாய் குளிராது.

லீக் என்று உறுதியானால் நைட்ரஜன் ஏற்றி இடத்தைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுத்து, பிளேட்டில் எழுதிய எடைக்கு அளந்து கேஸ் ஏற்ற வேண்டும். நைட்ரஜன் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை எடுக்கவே கூடாது. கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். புது ஏ.சி.க்களில் வரும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. பக்கத்தில் நெருப்பு வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

டீச்சரம்மா வீட்டில்

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மாவோடு போனேன். லேப் சார் மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது, "கெபாசிட்டர் பக்கம் போறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணுடா. உங்க வீட்டுக்கு நீ ஒருத்தன்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஏ.சி.யைப் போட்டேன். ஜம்மென்று குளிர்ந்தது! மேலே 30 டிகிரி, கீழே 20. வித்தியாசம் பத்து. ஃபில்டர் சுத்தம். வோல்டேஜ் 226. ஆம்பியர் மட்டும் 8.9 காட்டியது, பிளேட்டில் 7.6. வெளி யூனிட்டில் தூசி இருந்தது; கழுவினேன். ஆம்பியர் கொஞ்சம்தான் இறங்கியது.

"நல்லாத்தான் ஓடுது டீச்சர்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மெக்கானிக்கும் இதே மாதிரி காலையில் வந்து, குளிர்ந்த பிறகு போனவர்தானாம். இவனும் அதே ஆள்தான் என்று டீச்சரம்மா நினைத்திருப்பார். வேலை பார்க்கும் வீட்டில் அம்மாவின் தலை குனிந்ததைப் பார்த்தேன். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

மாடிப்படி இறங்கும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "காலையில எப்பவும் சில்லுனுதான்டா இருக்கும். நான் கூட்டும்போது எனக்கே நடுங்கும். சாயங்காலம் வெளக்கு வச்ச பொறவுதான் தகராறு. அந்த வெளிப்பெட்டி 'ம்ம்ம்'னு மொனகும். அப்புறம் 'டக்'குனு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு மறுக்கா மொனகும்."

அப்படியே நின்றுவிட்டேன். "இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? அந்த மெக்கானிக்கும் கேக்கல."

சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி போனேன். வோல்டேஜ் 191. ஏ.சி.யைப் போட்டதும் அம்மா சொன்ன அதே முனகல். கிளாம்ப் மீட்டர் 38 ஆம்பியருக்குத் துள்ளியது. சில நொடிகளில் 'டக்'. ஆம்பியர் பூஜ்யத்துக்குப் பக்கம். கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறி, ஓவர்லோடு அதை நிறுத்தியிருந்தது. உள்ளே புளோயர் மட்டும் ஓடிக்கொண்டு, அந்தப் பெரியவர் மேல் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது.

மெயினை நிறுத்தினேன். டிஸ்சார்ஜ் செய்தேன். கெபாசிட்டரைக் கழற்றி அளந்தேன். மேலே எழுதியிருந்தது 50. மீட்டரில் வந்தது 33. வெளியே ஒரு வீக்கமும் இல்லை. காலையில் 226 வோல்ட் இருந்ததால் அந்த நோஞ்சான் கெபாசிட்டரோடு எப்படியோ கிளம்பியிருக்கிறது. சாயங்காலம் ஊரே லைட்டும் மோட்டாரும் ஏ.சி.யும் போட்டதும் வோல்டேஜ் இறங்க, முடியவில்லை. இருந்த ஸ்டெபிலைசர் நாலு மாதத்துக்கு முன்பே பழுதாகி, நேரடியாகக் கனெக்ஷன் கொடுத்திருந்தார்கள்.

பெரிய கடை மூடுவதற்குள் ஓடிப்போய் அதே அளவு கெபாசிட்டர் வாங்கி வந்தேன். 350 ரூபாய். மாட்டி, மூன்று நிமிடம் பொறுத்து, சுவிட்சைப் போட்டேன். 191 வோல்ட்டிலேயே கம்ப்ரஸர் கிளம்பியது. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது.

வேலை இன்னும் முடியவில்லை

ஆம்பியர் இன்னும் அதிகமாகவே இருந்தது. லீக்கே இல்லாத ஏ.சி.யில் இரண்டு தடவை கேஸ் ஏற்றினால் என்ன ஆகும்? ஓவர்சார்ஜ்! வெளிக்காயிலில் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸருக்குச் சுமை கூடும், கிளம்புவது இன்னும் கஷ்டமாகும். டீச்சரம்மா கொடுத்த ஐயாயிரம் ரூபாய் நோயைத் தீர்க்கவில்லை. கூட்டித்தான் விட்டது.

இந்த இடத்தில் நான் கை வைக்கவில்லை. கேஜும் தராசும் என்னிடம் இல்லை, பழக்கமும் போதாது. நம் பாலிடெக்னிக்கில் படித்து முடித்து சர்வீஸ் வேலையில் இருக்கும் ஒரு சீனியர் அண்ணனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். கேஸ் முழுவதையும் சிலிண்டரில் இறக்கி எடுத்து, வேக்யூம் போட்டு, பிளேட்டில் இருந்த எடைக்கு மட்டும் அளந்து ஏற்றினார். ஆம்பியர் 7.5க்கு வந்து நின்றது. காலையில் வித்தியாசம் 11 டிகிரி. ஸ்டெபிலைசரையும் சரி செய்ய வைத்தோம்.

மீதமான கேஸை ஏன் காற்றில் விடவில்லை என்று கேட்டேன். அது ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கும் வகை என்பதால் 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகமே படிப்படியாகக் கைவிட்டு வரும் கேஸ். பூமியைச் சூடாக்குவதிலும் அது ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு சுமார் 1,800 கிலோவுக்குச் சமம். "ஒரு ரூமைக் குளிர வைக்க ஊரைச் சூடாக்கலாமாடா?" என்றார் அண்ணன். 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் இதே உடன்படிக்கையில் ஒரு திருத்தம் வந்து, பூமியைச் சூடாக்கும் மற்ற கேஸ்களையும் குறைக்க முடிவானது. 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. இதெல்லாம் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கற்ற பாடம்

நண்பர்களே, அந்த மெக்கானிக்கைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். காலையில் வந்தார், கேஜைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பழக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னார். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அவருக்கும் எனக்கும் அந்த இரவில் என்ன வித்தியாசம்? அவர் சொன்னதற்குக் காசு வாங்கினார், நான் வாங்கவில்லை. அவ்வளவுதான்!

நாளைக்கு நாமும் டூல் பையோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம். அங்கே உள்ளவர்களுக்கு கம்ப்ரஸர் என்றால் என்ன என்று தெரியாது. நாம் சொல்வதை நம்பி, பீரோவைத் திறந்து பணம் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பணம் பென்ஷன் பணமாக இருக்கலாம், மருந்து வாங்க வைத்த பணமாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு 2,500 ரூபாய் விலை என்றால், அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் ஒரு தெர்மாமீட்டரையாவது வைத்துப் பார்க்க வேண்டாமா?

வேலை முடிந்ததும் டீச்சரம்மா, "எப்படித் தம்பி கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். "நான் கண்டுபிடிக்கலை டீச்சர். அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. நான் அளந்து பார்த்தேன்" என்றேன். டீச்சரம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இவனுக்கு வேற வேலையில்ல" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். ஆனால் எந்த நேரம், எந்தச் சத்தம், எத்தனை தடவை என்று கவனித்து வைத்திருந்தார். கவனிப்பதற்கு டிப்ளமா தேவையில்லை. கவனித்தவரிடம் கேட்பதற்குத்தான் டிப்ளமாக்காரனுக்குப் பணிவு வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஏ.சி. சூடாக ஊதினால் "கேஸ் போயிடுச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்பலேர்ந்து இப்படிங்க? எந்த நேரத்துல?" என்று ஆரம்பியுங்கள். அந்த வீட்டில் தரை கூட்டுகிறவரையும் கேளுங்கள். அதற்குப் பிறகு டூல் பையைத் திறக்கலாம்.



— இறுதியாண்டு மாணவன்,
குளிர்பதனம் மற்றும் காற்றுப்பதனத் துறை